ஏற்றத்தில் நின்றுபோகும் ஜிப்சி: கார்பரேட்டரை வைத்துக்கொள்வதா, எம்பிஎஃப்ஐ போடுவதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். 1995 மாடல் மாருதி ஜிப்சி, 1000 சிசி, கார்பரேட்டர் வண்டி. தோட்டத்துக்குள் ஒரு செங்குத்தான வளைவில் ஏறும்போது என்ஜின் திணறி நின்றுவிடுகிறது. பெட்ரோல் வாடை அடிக்கிறது. ரொம்ப நேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்புகிறது. கோடையில் மேட்டுப்பாளையம் இறங்கினால் டிராஃபிக்கிலும் நிற்கிறது, ஆனால் அங்கே வாடை இல்லை. நண்பர்களோடு ஆஃப்ரோடு போகவும் ஆசை. பின்னால் வந்த கிங் ஜிப்சியின் எம்பிஎஃப்ஐ என்ஜினை எடுத்துப் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். காட்டுக்குள் எலக்ட்ரானிக்ஸை நம்ப முடியாது, கார்பரேட்டர்தான் சரி என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது, அண்ணா?

பதில்: காற்றின் இழுப்பிலேயே பெட்ரோலைக் கலந்து கொடுப்பது கார்பரேட்டர். கம்ப்யூட்டர் அளந்து இன்ஜெக்டர் வழியாகப் பீச்சுவது எம்பிஎஃப்ஐ. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே உங்கள் வண்டியின் கோளாறு என்ன என்று பார்க்காமல் பேசுகிறார்கள். ஆஃப்ரோடுக்கு எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் எம்பிஎஃப்ஐ என்று தயங்காமல் சொல்வேன். 30 வயதான உங்கள் 1000 சிசி வண்டியில் அதை மாற்றிப் பொருத்துவது நல்லதா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். இரண்டையும் ஒரே கேள்வியாக நினைப்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் அந்த வளைவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதில் ஃப்ளோட் என்ற மிதவை மிதந்து, பெட்ரோல் ஒரு மட்டத்துக்கு வந்ததும் நீடில் வால்வை மூடிவிடும். பெட்ரோலை அளந்துவிடும் சின்னத் துளைகளான ஜெட்டுகள் எல்லாம் அந்த மட்டத்தை நம்பித்தான் அளவு போட்டவை. பாதி நிறைந்த சொம்பைச் சாய்த்தால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குமே, கிண்ணத்துக்குள்ளும் அதுதான் நடக்கிறது. பெட்ரோல் ஜெட் இருக்கும் பக்கம் ஏறினால், இழுக்காமலே கார்பரேட்டரின் காற்றுப் பாதைக்குள் வழிந்து என்ஜின் மூழ்கிவிடும். எதிர்ப்பக்கம் ஏறினால் ஜெட்டுக்குப் பெட்ரோல் எட்டாது, என்ஜின் பட்டினியில் நிற்கும். கற்பாதையில் குதிக்கும்போது ஃப்ளோட்டும் சேர்ந்து குதித்து நீடிலைத் திறந்துவிடுவதும் உண்டு. உங்களுக்கு வாடை அடிக்கிறது, திரும்பக் கிளம்ப நேரம் எடுக்கிறது என்பதால் அங்கே நடப்பது மூழ்கல்தான்.

மேட்டுப்பாளையத்தில் நடப்பது வேறு. உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் என்ஜினோடு ஒட்டி இருக்கிறது. பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சி இழுக்கிறது. வெளியே கோடை வெயில், பானெட்டுக்குள் அதைவிடக் கொதிப்பு, வண்டியும் நகரவில்லை என்றால் உறிஞ்சும் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் தவிக்கும். வேப்பர் லாக் என்பது இதுதான். வாடை வராததற்குக் காரணம், கார்பரேட்டருக்கு அப்போது பெட்ரோலே வருவதில்லை. ஆக ஒன்றில் அதிகம், இன்னொன்றில் பஞ்சம். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மூன்றாவதாக, நீங்கள் கேட்காத ஒன்று. கோத்தகிரி ஏறக்குறைய 1800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தாலும் கார்பரேட்டர் அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. அதனால் கலவை எட்டு ஒன்பது சதவீதம் கெட்டியாகிவிடும், அதாவது பெட்ரோல் கூடுதலாகப் போகும். மலை மெக்கானிக்குகள் சிறிய ஜெட் போட்டுக் கொடுப்பது இதனால்தான். முன்பு அது சரியாகவே இருந்தது. ஆனால் இன்று பெட்ரோல் பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரியக் காற்று குறைவாகப் போதும். வெறும் பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு 13.5 போதும். ஜெட்டை மாற்றாமல் இதை ஊற்றினால் கலவை கிட்டத்தட்ட எட்டு சதவீதம் மெலிகிறது. கணக்கைப் பாருங்கள்: உயரம் கெட்டியாக்குகிறது, எத்தனால் மெலிதாக்குகிறது, கோத்தகிரியில் ஒன்றை ஒன்று ஏறக்குறைய சரிக்கட்டிவிடுகிறது. இந்த நிலையில் யாராவது மலைக்கு ஏற்றது என்று சொல்லிச் சிறிய மெயின் ஜெட் போட்டால், நீங்கள் மேட்டுப்பாளையம் இறங்கியதும் என்ஜின் வறட்சியில் ஓடிச் சூடாகும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு அது கேடு. கம்பெனி போட்ட ஜெட்டையே வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பிஎஃப்ஐ இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது. பம்ப் டேங்குக்குள்ளேயே இருந்து கிட்டத்தட்ட 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது, அதனால் குழாயில் ஆவியாவது மிக அரிது. கிண்ணமும் ஃப்ளோட்டும் இல்லை, வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இன்ஜெக்டரிலிருந்து வரும் அளவு மாறாது. காற்றழுத்தத்தை ஒரு சென்சார் பார்க்கிறது, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை இன்னொன்று பார்க்கிறது, ஈசிஎம் என்ற கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஆஃப்ரோடு ஓட்டுபவருக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. லோ கியரில் பாறை மேல் ஊர்ந்து ஏறும்போது ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே என்ஜின் தன் ஐடிலிங் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். சுமை ஏறி வேகம் விழப் பார்த்தால் ஈசிஎம் காற்றையும் பெட்ரோலையும் கொஞ்சம் கூட்டித் தாங்கும். கார்பரேட்டர் வண்டியில் அந்த இடத்தில் உங்கள் கால்தான் அந்த வேலையைச் செய்யணும், குலுக்கலில் கால் நிலையாக நிற்காது. ஏற்றத்தில் பாதி தோல்விகள் இப்படி வருபவைதான்.

ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எம்பிஎஃப்ஐ போட்டால் மலையில் பவர் குறையாது என்பார்கள். காற்று குறைந்தால் பவர் குறையத்தான் செய்யும், இரண்டிலும். கலவை கெடாமல் இருக்கும், புகை கக்காது, அவ்வளவுதான். அதேபோல, கிங் எம்பிஎஃப்ஐ ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் இழுவையை முழுக்க இன்ஜெக்ஷன் கணக்கில் எழுதுகிறார்கள். 1985-ல் வந்த ஜிப்சிக்கு, அதாவது 1000 சிசி என்று சொல்லும் உங்கள் வகைக்கு, சரியாக 970 சிசி, 45 குதிரைத்திறன். 1996-ல் வந்த கிங் 1298 சிசி, 60 குதிரைத்திறன், அதிலும் கார்பரேட்டர்தான். 2000-ல் எம்பிஎஃப்ஐ வந்தபோது கூடவே 16 வால்வு சிலிண்டர் ஹெட்டும் வந்தது, 80 குதிரைத்திறன் ஆனது. உங்கள் 45-க்கும் அந்த 80-க்கும் நடுவே பெரிய என்ஜினும் வால்வுகளும் இருக்கின்றன. இன்ஜெக்ஷனின் பங்கு அதில் ஒரு பகுதிதான்.

சரி, நண்பர் சொல்வதற்கு வருவோம். கார்பரேட்டர் கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும். மிஸ்ஸிங் வரும், புகை வரும், ஐடிலிங் தடுமாறும், ஆனாலும் வீடு வரை இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஊதக் காற்றும் இருந்தால் ஜெட் அடைப்பைத் தோட்டத்து ஓரத்திலேயே எடுக்கலாம். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். எம்பிஎஃப்ஐயில் சில சென்சார்கள் கெட்டால் ஈசிஎம் ஒரு பொது அளவை வைத்து ஓட்டிவிடும், எச்சரிக்கை விளக்கு எரியும், வீடு வந்து சேரலாம். ஆனால் டேங்க் பம்ப், அதன் ரிலே, என்ஜின் சுற்றுவதைச் சொல்லும் சென்சார் இவற்றில் ஒன்று போனால் அந்த இடத்திலேயே நிற்கும். பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் தள்ளியும் பயனில்லை, பம்புக்கும் ஈசிஎம்முக்கும் மின்சாரம் வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தில் ஏறினால் பெட்ரோல் பம்பின் வாயை விட்டு விலகி, எம்பிஎஃப்ஐயும் திக்கும். அரை டேங்குக்குக் கீழே வைத்துக்கொண்டு ஏற்றம் ஏறக்கூடாது என்பது இதனால்தான்.

ஆனால் காட்டுக்குள் எலக்ட்ரானிக்ஸை நம்ப முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் பட்டறைக்கு வரும் பழைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஈசிஎம் தானாகச் செத்தது அபூர்வம். வருபவை பெரும்பாலும் பாசி பிடித்த எர்த் வயர், தளர்ந்த கனெக்டர், எலி கடித்த வயரிங், ஸ்டீரியோவுக்கும் எக்ஸ்ட்ரா லைட்டுக்கும் யாரோ நடுவில் வெட்டி ஒட்டிய இணைப்பு. கம்பெனி போட்ட வயரிங்கில் கை வைக்காமல் இருந்தாலே பாதிக் கோளாறு வராது. தண்ணீரில் இறங்குவதைப் பற்றியும் பயப்படுகிறார்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கார்பரேட்டர் என்ன, எம்பிஎஃப்ஐ என்ன, கனெக்டிங் ராடு வளைந்துதான் போகும். காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்கல் குழாய் இரண்டுக்கும் வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் புகுந்து நிற்பது பழைய கார்பரேட்டர் வண்டிகளில்தான் அதிகம்.

இப்போது உங்கள் மெக்கானிக் சொல்லும் மாற்றம். எம்பிஎஃப்ஐ நல்லது என்று இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், என்ஜினை மட்டும் தூக்கி வைப்பது போதாது என்பதால்தான். உங்கள் 1000 சிசி என்ஜினும் கிங்கின் 1300 சிசி என்ஜினும் வேறு வேறு குடும்பம். உங்களுடையது நாலு கியர், கிங் ஐந்து கியர். என்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பம்ப் உள்ளே இருக்கும் டேங்க், டேங்குக்குத் திரும்பும் குழாய், முழு வயரிங் செட், ஈசிஎம், எல்லா சென்சார்களும், ஆக்சிஜன் சென்சாரோடு சைலன்சர் பாதை என்று பட்டியல் நீளும். இதில் ஒன்றை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் வண்டி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கார்பரேட்டரின் எளிமையும் இருக்காது, எம்பிஎஃப்ஐயின் நம்பகமும் இருக்காது. பாதி மாற்றிய வண்டிதான் காட்டுக்குள் மனுஷனை அழவைக்கும், ஏனென்றால் எந்த வயர் எங்கே போகிறது என்று மாற்றியவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று உண்டு, தயவுசெய்து கவனியுங்கள். கார்பரேட்டர் வண்டியின் பெட்ரோல் குழாய் மிகக் குறைந்த அழுத்தத்துக்கானது, 5 பிஎஸ்ஐ தாண்டாது. எம்பிஎஃப்ஐ குழாயில் முன்பு சொன்ன 3 பார், அதாவது 40 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கும். பழைய ரப்பர் ஹோஸையும் சாதாரண கிளிப்பையும் வைத்து ஒப்பேற்றினால் என்றாவது ஒரு நாள் கழன்று, சூடான என்ஜின் மேல் பெட்ரோல் பீச்சி அடிக்கும். இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். வேப்பர் லாக்குக்கு மருந்து என்று சொல்லி எம்பிஎஃப்ஐ பம்பை எடுத்துக் கார்பரேட்டர் வண்டியில் மாட்டிவிடுகிறார்கள். நீடில் வால்வால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது, கிண்ணம் பொங்கி வழியும். கார்பரேட்டருக்கு எலக்ட்ரிக் பம்ப் போட வேண்டி வந்தால் குறைந்த அழுத்தப் பம்ப்தான் போடணும், டேங்க் அருகில் போடணும், என்ஜின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி ரிலே வைக்கணும்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. ஆர்.சி.யில் என்ஜின் நம்பர் பதிவாகியிருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் வேறு வகை என்ஜின் போட முடியாது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். 15 வருடம் தாண்டிய உங்கள் வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும், அப்போது என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் பார்ப்பார்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆகவே உங்கள் வண்டியின் கார்பரேட்டரை முறையாகச் சரிசெய்யுங்கள். கழுவி ஊதிக் கொடுப்பதைச் சொல்லவில்லை. முழுதாகப் பிரித்து, நீடில் வால்வும் அதன் இருக்கையும் புதிதாகப் போட்டு, ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்து கனத்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து, டயாஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் மாற்றணும். 1995-ன் ரப்பர் இன்றைய எத்தனாலுக்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறி உப்பும், இறுகி வெடிக்கும். டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். அப்புறம் ஃப்ளோட் மட்டம். கிண்ணத்தில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி என்ஜின் ஓடும்போது பெட்ரோல் அதன் நடுக்குறியில் நிற்கிறதா பாருங்கள். உங்கள் வண்டியில் அது மேலே நிற்கும் என்பது என் ஊகம். தேய்ந்த நீடிலும் உயர்ந்த மட்டமும் சேர்ந்தால் சாதாரண ஏற்றத்திலேயே வழியும். மட்டத்தைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவந்தாலே பெரும்பாலான தோட்டத்து ஏற்றங்களில் வண்டி நிற்காது. ஆஃப்ரோடுக்கென்று இன்னும் இறக்கச் சொல்வார்கள். துளி இறக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் ரோட்டில் வேகம் பிடிக்கும்போது பட்டினி ஆரம்பிக்கும்.

ஐடிலிங் வேகத்தையும் இக்னிஷன் டைமிங்கையும் கோத்தகிரியிலேயே வைத்துச் சரிபாருங்கள், சமவெளிக் கடையில் வேண்டாம். வேப்பர் லாக்குக்கு, பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள். கம்பெனி கொடுத்த வெப்பத் தடுப்புத் தகடு கழற்றி வீசப்பட்டிருந்தால் திரும்பப் போடுங்கள். டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைபட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்தக் குழாய் வழியாகப் பெட்ரோல் சுற்றிக்கொண்டே இருந்தால் சூடாகித் தேங்க வாய்ப்பு குறைவு. வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

இனி ஏற்றத்தில் மூழ்கி நின்றுவிட்டால் கிளச்சை மிதித்துப் பின்னால் உருட்டாதீர்கள். என்ஜின் நின்ற பிறகு பிரேக் பூஸ்டர் ஓரிரு மிதிக்கு மேல் உதவாது. கால் பிரேக், கை பிரேக், கியர் மூன்றும் பிடித்திருக்கட்டும். கூட வந்தவர் டயருக்குக் கல் கொடுத்ததும் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வெளியே சொட்டுகிறதா என்று முதலில் பார்க்கணும். சொட்டினால் செல்ஃப் அடிக்கவே கூடாது. சொட்டவில்லை என்றால், கல்லும் கை பிரேக்கும் பிடித்திருக்கின்றனவா என்று பார்த்து, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, சோக்கைத் தொடாமல், ஆக்ஸிலேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பம்ப் அடிப்பதுபோல் மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் உள்ளே போகும். ஒரு தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தோட்ட வேலைக்கும் எப்போதாவது நண்பர்களோடு போவதற்கும் இந்த வண்டி தாராளமாகப் போதும். பழைய 1000 சிசி ஜிப்சியைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள், அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஃப்ரோடு ஆசை தீவிரமாகி, பக்கச் சாய்விலும் பாறையிலும் அடிக்கடி ஓட்டப்போகிறீர்கள் என்றால், மாற்றத்துக்கு ஆகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, பதிவிலேயே எம்பிஎஃப்ஐ என்று இருக்கும் கிங் ஒன்றைத் தேடி வாங்குங்கள். ராணுவ ஏலத்தில் வந்தவையும் சந்தையில் கிடைக்கும். வாங்கும்போது சேஸிஸ் துருவையும், ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர் பொருந்துகிறதா என்பதையும், வயரிங்கில் யார் கைவைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஸ்கேனர் வைத்து வேலை தெரிந்த கடை உங்களுக்குப் பக்கத்தில் குன்னூரிலோ கோவையிலோ இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். டூல் பெட்டியில் ஒரு பம்ப் ரிலே, சில ஃபியூஸ், முடிந்தால் ஒரு ஸ்பேர் பம்ப்.

கார்பரேட்டர் வேலை முடிந்த பிறகும் அதே வளைவில் நின்றால் எனக்குத் திரும்ப எழுதுங்கள். முன்பக்கம் தூக்கி நிற்கும்போது நிற்கிறதா, இடப்பக்கம் சாயும்போதா, வலப்பக்கமா, அப்போது வாடை வந்ததா, டேங்கில் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பக்கத்தைப் பொறுத்துத்தான் அடுத்துப் பார்க்க வேண்டியது கிண்ணத்தின் காற்றுத் துளையா, ஃப்ளோட்டா என்று சொல்ல முடியும்.